தகப்பன் மடி எங்கே?

விடியுமுன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் குனிந்து உழைத்து, பொழுது சாயும் வேளையில் இறங்குகிறார்கள். பள்ளத்தாக்கு முழுதும் அறிந்த செய்திதான். நாம் கேட்பது வேறு. ஜீப்பு கிளம்பியபின், வீட்டுத் தூளியில் கிடக்கும் குழந்தை விழித்து அழுதால் எடுப்பவர் யார்?

"பாட்டி இருக்கிறாள்" என்பீர்கள். பாட்டி இல்லாத வீட்டில்? எட்டு வயது அக்காள்! பக்கத்துப் பாயிலேயே தகப்பன் படுத்திருக்கிறான். நல்ல உழைப்பாளி, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கவோ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலுக்கோ போக வேண்டியவன். பாசமில்லாதவனும் அல்லன். ஆனால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்களே என்று கூசுகிறான். மனைவியின் கூலியை வாங்கக் கூசாத கை, பிள்ளையின் மூக்கைத் துடைக்க மட்டும் கூசுவானேன்?

"குழந்தைக்குத் தாய்தான் எல்லாம்" என்பது பழைய பல்லவி. படித்தவர்களும் அதைத்தான் பாடினார்கள். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை தாயன்பைப் பற்றியே பேசிற்று. தகப்பன் தாய்க்குத் துணை என்ற அளவில் நின்றான். பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 60 குழந்தைகளை வீடு தேடிச் சென்று கவனித்தார்கள். சீமான்களின் மாளிகைகள் அல்ல. பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்கள். 1964இல் முடிவு வெளிவந்தது. ஒன்றரை வயதுக்குள் முக்கால்வாசிக் குழந்தைகள் தகப்பனிடமும் ஒட்டிக்கொண்டிருந்தன! அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. பாலூட்டியவரிடம்தான், நாளெல்லாம் உடனிருந்தவரிடம்தான் பிள்ளை ஒட்டும் என்ற கணக்கு பொய்த்தது. அழுதபோது திரும்பிப் பார்த்தவர் யார், சிரித்தபோது சேர்ந்து சிரித்தவர் யார், அவரையே பிள்ளை பற்றிக்கொண்டது.

கூலிக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? பகல் அவனுடையதல்ல, ஒப்புக்கொள்கிறோம். மாலையில் அரைமணி அவனுடையதுதானே! அதை டாஸ்மாக் கடைக்குக் கொடுப்பதா, பிள்ளைக்குக் கொடுப்பதா என்பதை எந்த முதலாளியும் தீர்மானிக்கவில்லை.

சட்டமும் தகப்பனை மறந்தது உண்மை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிள்ளைக் காப்பகம் வேண்டுமா என்பதற்குப் பெண்களின் தலையைத்தான் எண்ணிற்று: 50 பெண் தொழிலாளர், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர். ஆண் தொழிலாளிக்குப் பிள்ளையே கிடையாது போலும்! 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியவர்கள், தகப்பனுக்கு ஒரே ஒரு நாள்கூட எழுதவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. கொடிக்கு மருந்தடிக்கிறவனுக்கு?

ஆனால் சட்டத்தைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் தோழர்களையே கேட்கிறோம். மேடையில் பெண் விடுதலை முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழரை, அவர் பிள்ளைக்கு அடையாளம் தெரியுமா? மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடமை என்ற குறளை (மகளையும் சேர்த்தே சொல்லுவோம்) நம்மில் எத்தனையோ பேர் மேடையில் சொல்லியிருக்கிறோம். அதே அதிகாரத்தில், பிள்ளை கையை விட்டுப் பிசைந்த உணவின் இனிமையையும் வள்ளுவர் பாடியிருக்கிறார். அதை எடுத்துச் சொன்ன பேச்சாளரை நாம் இன்னும் கேட்கவில்லை. பிசைந்த தட்டின் எதிரே உட்கார்ந்தவனுக்கல்லவா அது நினைவுக்கு வரும்!

சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே, தகப்பனுக்கு விடுப்பும் பிள்ளைகளுக்குக் காப்பகமும் ஏறட்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு, மனைவி இன்னும் மலையிலிருந்து இறங்காத தோழர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே வரட்டும். நடுவில் ஒரு பிள்ளை அழும், அழட்டும். பேசுகிறவர் சற்று நிறுத்திக்கொள்வார். தகப்பன் எழுந்து வெளியே போய்ச் சமாதானப்படுத்திவிட்டு வருவான்.