வாசலில் தொடங்கட்டும் கணக்கு

மார்கழி விடியலில் வாசல் தெளித்து, 'நேர்ப்புள்ளி 7-1' என்று கோலப்புள்ளி வைக்கிறார் ஓர் அம்மா. நடு வரிசையில் ஏழு புள்ளி; மேலேயும் கீழேயும் ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளை விரல் விட்டு எண்ணி 25 என்று சொல்லிவிடும். எண்ணாமல் சொல்ல முடியுமா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் கணிதம் தொடங்குகிறது.

உச்சியிலிருந்து நடு வரிசை வரை 1+3+5+7 = 16. அது நான்கின் வர்க்கம். மிச்சமுள்ள 5+3+1 = 9, மூன்றின் வர்க்கம். கோலத்தை 9-1 ஆகப் பெரிதாக்கினால் 25+16, அதாவது 41 புள்ளி. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்ற உண்மையைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் முன்பே, அந்தப் பிள்ளை தரையில் கண்டுபிடித்துவிடுகிறது. அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

வகுப்பறையில் இதற்கு இடம் குறைவு. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு வரும், மதிப்பெண் வேண்டும். விடை தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடும் பிள்ளைக்கு, தானே ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வருவதில்லை. கணக்கென்றால் பயம் என்பதும் அங்கேதான் வேர்விடுகிறது.

கோலத்தை அறிஞர்கள் விளையாட்டாக நினைக்கவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து, கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சென்னைப் பள்ளி ஆசிரியர் பி.கே. சீனிவாசன், கணிதத்தைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே உழைத்தார். 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது அவர் முயற்சியால்தான்.

கோலத்தைப் போலவே பல்லாங்குழியிலும் கணக்கு இருக்கிறது. பதினான்கு குழி; குழிக்கு ஒன்றாகப் போட்டு வரும்போது கையில் உள்ள முத்து எந்தக் குழியில் தீரும் என்று முன்கூட்டியே சொல்லப் பழகும் சிறுமி, வகுத்தல் மீதியை மனதிலேயே போடுகிறாள்.

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, தேசிய கணித தினம். அது மார்கழியில்தான் வருகிறது. கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர் அவர். அந்த நாளில் மேடைப் பேச்சோடு பள்ளிகள் நின்றுவிடக் கூடாது. ஊர்தோறும் நடக்கும் கோலப் போட்டிகளில் ஆண் பிள்ளைகளையும் சேர்த்து, ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு கணக்குக் கேள்வியைப் பிள்ளைகளே எழுதி வைக்கச் சொல்லலாம். ஆசிரியர்களும் நூலகர்களும் இந்த மார்கழியிலேயே இதைத் தொடங்க வேண்டும். செலவு, ஒரு கிண்ணம் கோலமாவுதான்.