நாளுக்கு ஒரு படம், ஊருக்கு ஒரு சாட்சி

ஒரகடம் பக்கத்துக் காலனி ஒன்றில் அண்மையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். இறந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். ஏரி மதகைத் திறந்து ஊருக்கே நீர் பாய்ச்சியவர். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க ஒரு படம் வேண்டும் என்று வீடு முழுவதும் தேடினார்கள். ஆதார் அட்டையில் இருந்த முகம் மட்டுமே கிடைத்தது. அதைப் பெரிதாக்கி அச்சடித்தபோது யாரோ ஒருவர் போல இருந்தது. பேத்தி அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு, "இது எங்க தாத்தா இல்லண்ணா" என்று சொல்லி அழுதாள். அவள் வேலை பார்ப்பது கைபேசி பொருத்தும் தொழிற்சாலையில்.

உலகம் படமெடுத்துக் குவிக்கும் கைபேசிகள் நம் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில்தான் பொருத்தப்படுகின்றன. பொருத்தும் பெண்ணின் வீட்டில் தாத்தாவுக்கு ஒரு நல்ல படம் இல்லை. கைபேசி அவளிடமும் இருந்தது. ஆனால் தாத்தாவும் மதகும் காலனியும் படமெடுக்கத் தக்கவை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

நம்மை யாரும் படமெடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. எரிந்த குடிசைக்கு முன், பிணவறை வாசலில், சாலை மறியலில் எடுக்கிறார்கள். அடிபட்டால் செய்தியில் வருகிறோம். அடிபடாத நாளில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதற்குத்தான் படம் இல்லை. நாம் சமைத்தது, படித்தது, சிரித்தது, வேலைக்குப் போனது எதுவும் பதிவாகவில்லை. இந்தப் பகுதி இளைஞர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான்: ஓராண்டுக்கு, நாளுக்கு ஒரு படம் எடுங்கள்.

இது புதிய யோசனையல்ல. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல், 1997 அக்டோபர் 25இல் இறக்கும் நாள் வரை, நாளுக்கு ஒரு போலராய்டு படம் எடுத்தார். நண்பர்கள், சாப்பாட்டு மேசை, தெரு, கடைசியில் மருத்துவமனைப் படுக்கை என்று 6,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒரு சாதாரண வாழ்க்கை முழுதாகப் பதிவானது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த அமெரிக்காவுக்குத் தன் நிமிர்ந்த முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார். அவருடைய சுமார் 160 ஒளிப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

நம் மண்ணிலும் ஆட்கள் உண்டு. மதுரையைச் சேர்ந்த பழனிகுமார், மீன் விற்கும் தாயின் மகன். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்தவர். தன் அம்மாவின் உழைப்பையும் படமாக்கியவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன், 2020 ஊரடங்கில் ஊர் திரும்பியபோது சொந்த வீட்டையும் குடும்பத்தையுமே படமெடுத்தார். தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாட்டியின் பேரன் அவர். இருவருமே வீட்டு வாசலில் நின்று உலகத்தோடு பேசியவர்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதியது 1891இல். அதைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போகிறது. முதலில் காணாமல் போவது பட்டாவில் இல்லாதவை: மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கால்வாய், சுடுகாட்டுப் பாதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலனியின் சுடுகாட்டுப் பாதையை யாரோ கம்பிவேலி போட்டு அடைத்தார்கள். மனு கொடுக்கப் போனோம். "இங்கே பாதை இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் அதிகாரி. அந்த வழியே எத்தனையோ பிணங்களைத் தூக்கிப் போன தோள்கள் அவர் எதிரில் நின்றன. தோள் ஆதாரமாகாது என்றார்கள். தலித் மக்கள் சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமை என்று 2015இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தது, நம் கையில் ஒரு படம்கூட இல்லை.

"படம் எடுத்தால் நிலம் திரும்பிவிடுமா?" என்று கேட்பார்கள். திரும்பாது. படம் பட்டா ஆகாது. போராட்டத்துக்கும் அது மாற்றல்ல. ஆனால் "இங்கே ஒன்றுமே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, தேதியோடு இருக்கும் படம் அவரைக் கொஞ்சம் தடுமாற வைக்கும்.

செய்முறை எளிது. எந்தக் கைபேசியும் போதும். ஒரு படம் சுமார் 3 எம்பி என்றால், 365 படமும் ஒரு ஜிபியை ஒட்டித்தான் வரும். ஒரு நோட்டில் தேதி, இடம், ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். அசல் கோப்பை அழிக்காதீர்கள். வேறொரு மெமரி கார்டிலும் படியெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய விவரம் அழிந்துவிடும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் தேவை. அதற்கு அசல் இருப்பது நல்லது.

கட்டுப்பாடும் வேண்டும். பல தொழிற்சாலைகளில் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். அங்கே எடுத்து வேலையை இழக்காதீர்கள். யாரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். விடுதியில் உடன் தங்கும் தோழியின் படத்தை எங்கும் பகிராதீர்கள். பிறர் நம்மை இரக்கத்துக்காக எடுத்தது போல, நாமும் நம்மவரை எடுக்கக் கூடாது.

பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவளிடம் இதையும் செய் என்பது நியாயமா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். அந்தப் பேத்தியிடமும் கேட்டோம். "ஒரு படம் எடுக்க எவ்ளோ நேரம்ணா ஆகும்?" என்றாள்.

காரியம் முடிந்த மறுநாளே அவள் தொடங்கிவிட்டாள். இதுவரை ஐம்பத்திரண்டு படங்கள். நடுவில் காய்ச்சலில் மூன்று நாள் விட்டுப்போயிருக்கிறது. விடியுமுன் வந்து நிற்கும் கம்பெனி பஸ், டிபன் பாக்ஸ், தம்பியின் கிழிந்த பாடநூல், தாத்தா திறந்த மதகு. பாட்டி மட்டும் ஏழு படங்களில் இருக்கிறார். "பாட்டிக்கு நிறைய எடுத்து வெச்சிக்கிறேன்ணா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். இன்றைக்கே தொடங்குங்கள்.