சிசேரியன் தையல்ல சீழ் வெச்சா மீன் குழம்பைத் திட்டாதீங்க!

மாரியூர் மாதிரி கடலோர ஊர்கள்ல, பிள்ளை பெத்து வந்தவளுக்கு மீன் கொடுக்கிறதா வேணாமாங்கிறதே பெரிய பஞ்சாயத்து. 'பால்சுறா புட்டு கொடு, பால் ஊறும்' என்பது ஒரு கட்சி. 'தையல் போட்ட உடம்பு, சீழ் வெச்சிடும்' என்பது எதிர்க்கட்சி. தையல் கொஞ்சம் சிவந்தாப் போதும், 'எதைத் தின்னா, எப்போ நனைச்சா'ன்னு விசாரணை ஆரம்பிச்சிடும்.

ஆனா, அந்தக் கிருமி பல நேரம் அவ உடம்புக்குள்ளேயே இருந்து, ஆபரேஷன் நேரத்துலயே காயத்துக்குப் போயிருக்கும்.

இது யாரோ சிலரோட பிரச்னை இல்லை. தேசிய குடும்பநல ஆய்வு கணக்குப்படி (2019-21), தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 44.9 சதவிகிதம் சிசேரியன். 2015-16ல இது 34.1தான். இந்திய சராசரி 21.5. ஏறக்குறைய ரெண்டு பிரசவத்துக்கு ஒரு தையல்!

பெண்ணுறுப்புல பாக்டீரியா இருப்பது இயல்பு. லாக்டோபேசில்லஸ்ங்கிற நல்ல பாக்டீரியா அங்கே அமிலத்தை உண்டாக்கி, மத்த கிருமிகளைக் கட்டுப்படுத்தி வைக்கும். அது குறைஞ்சா கார்ட்னரெல்லா மாதிரி கிருமிகள் பெருகும். கர்ப்பப்பை வாய் மூடியிருக்கும்வரை பெரும்பாலும் இவை கீழேயே நிக்கும். பிரசவ வலி வந்து, பனிக்குடம் உடைஞ்சு மணிக்கணக்காகிட்டா, வழி திறந்தாச்சு; மேலே ஏறும். அதுக்கப்புறம் அவசர சிசேரியன் பண்ணும்போது கர்ப்பப்பைக்கும் வயித்துக் காயத்துக்கும் பரவிடலாம். தேதி குறிச்சுப் பண்ற சிசேரியனைவிட இதுல தொற்று அபாயம் கூடுதலா இருக்கக் காரணம் இதுதான். தோல்ல இருக்கிற கிருமிகளும் சேர்ந்துக்கும்.

யூரியாபிளாஸ்மான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குச் செல் சுவரே கிடையாது. வழக்கமா போடுற செஃபசோலின் ஊசி செல் சுவரைத்தான் தாக்கும்; இதுகிட்ட பலிக்காது. அதனால அமெரிக்காவுல, வலி வந்தபிறகோ பனிக்குடம் உடைஞ்சபிறகோ சிசேரியன் ஆன 2,013 பெண்கள்கிட்ட ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்தோட அஸித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தவங்கள்ல காயத்தொற்று 2.4 சதவிகிதம், கொடுக்காதவங்கள்ல 6.6. முடிவு வந்தது 2016ல.

இன்னொரு வழி ரொம்ப மலிவு: ஆபரேஷனுக்குச் சற்று முன்னாடி போவிடோன் அயோடினால பெண்ணுறுப்பைச் சுத்தம் செய்றது. உலக சுகாதார நிறுவனம் 2015லயே பரிந்துரைச்சிருக்கு. இது முக்கியமா கர்ப்பப்பைத் தொற்றைக் குறைக்குது. வெளிக்காயத்துக்கு அவ்வளவு தெளிவான பலன் இல்லை. ஆன்டிபயாடிக் ஊசியை, தோலைக் கீறும் முன்னாடியே போடணும்கிறதும் அதே பரிந்துரைகள்ல இருக்கு. செக்கப் போறப்போ 'இதெல்லாம் இங்கே செய்வீங்களா டாக்டர்?'னு கேட்கலாம், தப்பே இல்லை.

ஆனா, இதைப் படிச்சிட்டு வீட்டுல டெட்டால், சோப்பு போட்டு உள்ளே கழுவ வேண்டாம். ரீல்ஸ்ல வர்ற 'இன்டிமேட் வாஷ்' விளம்பரமும் வேண்டாம். நல்ல பாக்டீரியாதான் முதல்ல போகும்.

இதுல சிக்கல் என்னன்னா, காயத்தொற்று பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தலைகாட்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தையல் போட்டுட்டு, சாயல்குடி பக்கம் மாரியூர் வந்து சேர்ந்தவ, லேசா காய்ச்சல் வந்தா திரும்ப அவ்வளவு தூரம் கிளம்ப யோசிப்பா. மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பாங்க. அதுல நாள்தான் ஓடும். காய்ச்சல், தையலைச் சுத்திச் சூடும் சிவப்பும், சீழ், அடிவயித்துல கூடிக்கிட்டே போற வலி, நாறும் வெள்ளை... இதுல எது வந்தாலும் அன்னிக்கே கிராம சுகாதாரச் செவிலியர்கிட்ட சொல்லுங்க, இல்லைன்னா நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ராத்திரியா இருந்தா 108.

சுறாப் புட்டு? தாராளமா சாப்பிடட்டும். தையல் ஆற புரோட்டீன் வேணும்.