எந்தக் கம்யூனிட்டி சார், உங்க ஓட்டக் கம்யூனிட்டி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது நகருக்கு ஒரு ஓட்டக் குழு முளைத்திருக்கிறது. 'ரன்னிங் கிளப்' என்கிறார்கள். அதைவிட அவர்களுக்குப் பிடித்த பெயர் 'ரன்னிங் கம்யூனிட்டி'. நம்ம சனத்துக்குக் கம்யூனிட்டி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் நின்று வாங்குகிற காகிதம் அது. பள்ளிக்கூடத்தில் நீட்டினால் வாத்தியார் ஒருமுறை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாரே, அந்தக் காகிதம். அந்த வார்த்தையை விடிகாலை ஐந்து மணிக்கு, பளபளக்கும் பனியனைப் போட்டுக்கொண்டு, இவ்வளவு குஷியாகச் சொல்ல முடியும் என்பதை இவர்களிடம்தான் பார்த்தேன்.

நானும் இந்தப் பக்கத்துக் கிளப் ஒன்றில் இரண்டு வருஷம் ஓடியவன். எந்தக் கிளப் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கிளப்பைப் பற்றித்தான் பேசுவார்கள், விஷயத்தைப் பேசமாட்டார்கள்.

கிளப்புக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. அதுதான் அவர்களின் தினத்தந்தி. யார் எத்தனை கிலோமீட்டர், யாருக்கு முட்டி வலி, எந்தக் கடையில் ஷூ தள்ளுபடி, அடுத்த ஞாயிறு அம்பத்தூர் ஏரிக்கரையா பருத்திப்பட்டு ஏரியா, ஓடி முடித்து எந்த ஓட்டலில் பொங்கல், யார் பிறந்தநாளுக்குக் கேக், யார் 'பி.பி.' அடித்தது. பி.பி. என்றால் ரத்தக் கொதிப்பு என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். எங்க அம்மாவுக்கு இருக்கிறது. இவர்களுக்கு அது 'பெர்சனல் பெஸ்ட்'. அவனவன் தன்னுடைய பழைய நேரத்தைத் தானே முறியடிப்பது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. நாற்பது வயசுக்கு மேல் ஒரு கிளார்க்கும், ஒரு கம்ப்யூட்டர்க்காரரும், ரெண்டு பிள்ளை பெற்ற ஒரு அம்மாவும் சேர்ந்து ஓடுகிறார்கள், ஒருவரை ஒருவர் கைதட்டித் தூக்கிவிடுகிறார்கள் என்றால் அதில் என்ன தப்பு? தப்பு அங்கே இல்லை. 'ஓட்டத்துக்குச் சாதி கிடையாது சார், ஒரு ஜோடி ஷூவும் ஒரு ரோடும் போதும்' என்று சொல்கிறார்களே, அங்கேதான் இருக்கிறது.

சரி, அந்த ரெண்டையுமே எடுத்துக்கொள்வோம்.

ரோடு. 1924 ஆகஸ்ட் 22ஆம் தேதி சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில், தெருவில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த யாரும் நடந்து போகலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் புழங்கலாம், தடுக்கக்கூடாது என்று. ஓடுவதற்கு அல்ல, நடப்பதற்கு! காலை எடுத்து வைப்பதற்கே சட்டசபையில் தீர்மானம் போடவேண்டியிருந்த சனத்தைப் பார்த்து 'ஒரு ரோடு போதும்' என்கிறார்கள். அந்த ரோடு எங்களுக்குச் சும்மா கிடைத்தது அல்ல ஐயா.

ஷூ. 2013இல் மதுரை மாவட்டம் வடுகபட்டியில் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்த பள்ளிக்கூடப் பையனை, அந்தச் செருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கவைத்தார்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் அறுபது பேர் சேர்ந்து செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தார்கள், அது பத்திரிகையில் செய்தியாக வந்தது. காலில் செருப்போடு நடந்தது செய்தி! பதினைந்தாயிரம் ரூபாய் ஷூவின் அடிப்பாகத்தில் எத்தனை மில்லிமீட்டர் மெத்தை என்று அரைமணி நேரம் பேசுகிறவர்களுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்ததா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொட்டிக்குள் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை? செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூ தைக்கிறவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். செருப்பைத் தைக்கலாம், போடக்கூடாது என்று இருந்த நாட்டில் வந்து ஷூவுக்குச் சாதி இல்லை என்கிறீர்கள்.

எங்க ஆட்கள் ஓடாதவர்களா? ஊரில் ஒரு சாவு விழுந்தால் பத்து ஊருக்கு ராத்திரியோடு ராத்திரியாகச் சேதி சொல்ல ஓடியது யார்? சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே நின்று, மடியில் போடுகிற தானியத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடியது யார்? அதற்கு மெடல் இல்லை, அடிமை வேலை என்று பெயர். 1999 ஜூலை 23ஆம் தேதி நெல்லையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளின் கூலிக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியபோது சனங்க ஓடினார்கள். ஓடித் தாமிரபரணியில் இறங்கினார்கள். கரையிலிருந்தும் அடித்தார்கள். 17 பேர் பிணமாக வந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. அந்த ஓட்டத்துக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை.

சென்னையில் 'சென்னை ரன்னர்ஸ்' என்ற அமைப்பு தொடங்கியது 2006இல். பகுதிவாரியாகக் கிளைகள் வைத்து ஓடுகிறார்கள். இன்று இந்த ஊரில் ஓட்டம் என்பது ஒரு பழக்கமாக ஆனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. அந்த 2006ஐ மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2006 டிசம்பரில், தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாள் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். முந்தின வருஷம் இஞ்சியோனில் ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் வெள்ளி. தோஹாவில் பாலினச் சோதனை என்று வைத்தார்கள், மெடலைப் பிடுங்கினார்கள், அவளுடைய உடம்பை நாடு பூராவும் டிவியில் போட்டுப் பேசினார்கள். நாட்டின் தடகள அதிகாரிகள் அவள் பக்கம் நின்றார்களா? இல்லை. 2009இல் காஸ்டர் செமன்யாவுக்கு இதே கொடுமை நடந்தபோது தென்னாப்பிரிக்கா மொத்தமும் எழுந்து நின்றது. இங்கே? கலைஞர் அரசு 15 லட்சம் கொடுத்தது, அதை வைத்துத் தன் மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தாள். பிறகு காசு தீர்ந்து தானே சூளைக்குச் செங்கல் அறுக்கப் போனாள். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் வரை போய் முறையிட்டாள். அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது 2016இல்தான். மெடல் திரும்ப வரவில்லை.

கிளப்பில் நான் ஒருநாள் இதைப் பேசினேன். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். கெனியாக்காரன் என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்று புட்டுப்புட்டு வைக்கிறவர்கள். சாந்தி பெயரைச் சொன்னதும் ஒருத்தர் 'அது கான்ட்ரவர்சி ஆச்சே' என்றார். இன்னொருத்தர் சாம்பார் கேட்டார்.

இனி எங்க ரோட்டுக்கு வருவோம். விடிகாலை ஐந்து மணிக்கு சி.டி.எச். ரோட்டிலோ, ஆவடி பூந்தமல்லி ரோட்டிலோ நின்று பாருங்கள். பனியன் போட்டவர்கள் மட்டுமா ஓடுகிறார்கள்? வேற பசங்களும் ஓடுவார்கள். பழைய கேன்வாஸ் ஷூ, சில பேர் வெறுங்கால். பக்கத்துக் காலனி, குப்பம், கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கூடப்பாக்கத்தில் போட்ட குடும்பங்களின் பிள்ளைகள். பி.பி.க்காக ஓடவில்லை. சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆணாக இருந்தால் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும். பெண்ணாக இருந்தால் 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். பட்டாளத்துக்கு 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிஷத்துக்குள் வந்தால்தான் முழு மார்க். அந்தப் பட்டாள வேலையும் 2022க்குப் பிறகு நாலு வருஷம்தான், நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் நீடிப்பு. எழுத்துத் தேர்வில் தேறி, உயரம் தேறி, ஏழு நிமிஷம் ரெண்டு செகண்டில் வந்து விழுந்து வீட்டுக்குத் திரும்பியவனை நான் பார்த்திருக்கிறேன். அந்த ரெண்டு செகண்டுக்குள் ஒரு குடும்பத்தின் வாடகை, தங்கச்சி படிப்பு, அப்பன் வாங்கின கடன் எல்லாம் இருக்கிறது.

1999இல் விரட்டியதும் இதே காக்கிதானே, அதற்குள் நம்ம பிள்ளைகள் போகலாமா என்று கேட்பீர்கள். நாம் தனியாக உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போட்டுக்கொள்ளலாம். உலை கொதிக்காத வீட்டில் போய் அதைப் பேசமுடியாது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஓட இடம் எது? ஆவடி முழுக்க மைதானம். தொழிற்சாலை மைதானம், பட்டாலியன் மைதானம், பாதுகாப்புத் துறை நிலம். எல்லாவற்றுக்கும் சுவர், கேட், கேட்டில் காவலாளி. அதனால் லாரி போகிற ரோட்டோரம் இருட்டில் ஓடுகிறார்கள். பொம்பளைப் பிள்ளைகள் அதுவும் முடியாமல் அண்ணனையோ அப்பனையோ சைக்கிளில் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். கிளப்காரர்கள் இவர்களைக் கடந்துதான் தினமும் போகிறார்கள். இவர்களுக்குக் கிளப் வைத்திருக்கும் பெயர் 'லோக்கல் பசங்க'. அப்போ நீங்க யாரு சார், பாரின் பசங்களா? உங்கள் குழுவில் கோச் இருக்கிறார், கடிகாரம் இருக்கிறது, எப்படி மூச்சு விடுவது, எந்த நாளில் வேகம், எந்த நாளில் ஓய்வு என்ற கணக்கு இருக்கிறது. ஏழு நிமிஷத்தை ஆறே முக்கால் ஆக்குவது அந்தக் கணக்குதான். ஒரே ரோட்டில் பத்தடி தூரத்தில் ஓடுகிறவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எந்தச் செலவும் இல்லை. ஆனால் அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வேனில் வந்து காலனியில் நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்குத்தான் மனசு வருகிறது. கொடுக்கிறவனாக நிற்கப் பிடிக்கிறது, கூட ஓடுகிறவனாக நிற்கப் பிடிக்கவில்லை.

சாதி எங்கே வருகிறது என்று கேட்டால், வாயில்தான் முதலில் வருகிறது. 'சாருக்கு வீடு எங்க?' 'அம்பத்தூர்.' 'அம்பத்தூர்ல எங்க?' தெருப் பேரைச் சொல்கிறவரை விடமாட்டார்கள். அப்புறம் சாப்பாடு. புரோட்டீன், புரோட்டீன் என்று உயிரை விடுவார்கள். பாதாம், பன்னீர், முட்டையில் வெள்ளை மட்டும், டப்பாவில் அடைத்த பவுடர் கிலோ மூவாயிரம். இத்தனையும் பேசுகிற இடத்தில் 'மாட்டுக்கறி' என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். குழுவில் அட்மின் ஒரு அறிவிப்புப் போட்டார்: 'உணர்வுகளைப் புண்படுத்தும் பதிவுகளைத் தவிர்க்கவும்.' தசைக்கு நல்லது, விலை குறைவு, எங்க பாட்டன் பூட்டனை உழைக்கவைத்த சாப்பாடு. அது உங்கள் உணர்வில் எந்த இடத்தில் வலிக்கிறது?

ஓட்டம் முடிந்தால் தண்ணீர் மேசை. குடித்துவிட்டுக் கப்பை ரோட்டில் வீசுவது ஒரு ஸ்டைல். பின்னால் ஒரு அம்மா துடைப்பத்தோடு குனிந்து வருகிறாள். ஒருவரும் அவளுக்கு ஒரு டம்ளர் நீட்டி நான் பார்க்கவில்லை. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது எங்களுக்கு இருந்தது வெறும் தாகம் அல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்க சனங்க குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அது சாந்தி பிறந்த அதே புதுக்கோட்டை மாவட்டம். தண்ணீர் மேசை என்றால் எங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது, உங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று கேட்டார்கள். நடுராத்திரியில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பதிமூன்று நாளும் எங்கள் குழுவில் ஓடிய செய்தி, ரோட்டில் குப்பை கிடப்பதால் ஓட்டப் பாதையை மாற்றலாமா என்பதுதான்.

'எல்லாத்திலயும் சாதியக் கொண்டாந்து விடுறீங்க' என்பார்கள். கொண்டுவந்தது நான் இல்லை. நம்ம தோழர்களும் ஒன்று சொல்கிறார்கள்: 'இதெல்லாம் பணக்காரன் கொழுப்புக் கரைக்கிற சமாச்சாரம், நமக்கு எதுக்கு?' இதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சுகர் காலனிக்குள்ளும் வந்துவிட்டது. எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, புரோட்டா தின்று, சாராயக் கடையில் நின்று நாற்பத்தைந்தில் சாகிறவன் நம்ம ஆள். உடம்பு நமக்கும் சொந்தம். இத்தனை காலம் அவனுக்காக ஓடிய காலை வைத்து நமக்காக ஓடுவதில் என்ன வெட்கம்?

அதனால் கிளப்காரர்களைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓட்டத்தில் ஆறு மாசத்துக்கு அந்த ஏழு நிமிஷப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கோச்சைப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் தண்ணீர் வைத்தால் பெருக்குகிற அம்மாவுக்கும் வையுங்கள், கப்பை நீங்களே பொறுக்குங்கள். ஜனவரி மாரத்தானுக்கு ஆயிரக்கணக்கில் கட்டி நம்பர் வாங்குகிறீர்களே, அதே முனைப்போடு கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்கள்: ஆவடி, பூந்தமல்லி மைதானங்களின் கேட்டைக் காலை ஐந்திலிருந்து ஏழுவரை பரீட்சைக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடு என்று. உங்கள் கையெழுத்துக்கு ஆபீசில் மதிப்பு இருக்கிறது, எங்க கையெழுத்து குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அதுவும் சாதிதான், ஆனால் இந்த ஒரு தடவை அது உபயோகப்படட்டும்.

மனு எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். காலனி இளைஞர்கள் பத்துப் பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில் கிளப்புக்காக இடம் காலியாக விட்டிருக்கிறோம்.