எண்ணுக்குப் பெயரிடுவது யார்?

கோலார் தங்க வயலில் 1965ஆம் ஆண்டு, பூமிக்குள் 7,600 அடி ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒஸாகா, டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கூடி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் அடையாளத்தைக் கண்டனர். ஆசிரியர் பலர் இதனை வகுப்பில் கூறியிருப்பர். அந்த ஆழம் ஒரு பெருங்கணிப்பொறிக் கோப்பில் பதியப்படுவதாகக் கொள்க. கோப்பில் நிற்பவை 7600 என்னும் நான்கு இலக்கங்களே. அது ஆழம் என்பதோ, அடிக்கணக்கு என்பதோ அங்கு இராது. எந்த இடத்தில் எந்த எண் என்னும் விவரம் வேறொரு நிரல் ஏட்டில் இருக்கும். அவ்வேடு தொலைந்தபின் அதனை மீட்டர் எனப் படிப்பவர், உலகின் எச்சுரங்கமும் எட்டாத ஆழத்தைக் கோலாருக்கு அளித்துவிடுவார்.

இக்குறையைப் போக்கவல்லது, 1998இல் வரையறுக்கப்பெற்ற எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி. இதில் ஒவ்வோர் எண்ணும் தன் பெயரையும் அலகையும் தன்னுடனேயே கொண்டுசெல்லக் கூடும். இத்தகைய கோப்பைப் பெருங்கணிப்பொறியில் ஆக்கும் வழிகள் சில உண்டு. குறிச்சொற்களை நிரலாளர் ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்லலாம். ஒரு கோணக் குறி விடுபட்டாலும் கோப்பு முழுவதும் தள்ளப்படும். தரவுத்தளத்தைக் கொண்டே ஆக்கலாம். ஐபிஎம் கோபோலில் ‘எக்ஸ்எம்எல் ஜெனரேட்’ என்னும் கட்டளையும் உண்டு. குறிகள் பிழையின்றி அமைவதால் இதனையே பலர் விரும்புவர். ஆனால் வேறு பெயர் தராவிடில், நிரலில் உள்ள புலப்பெயரையே அது குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். ‘டி1’ என்று எழுதியிருந்தால் வெளிவருவதும் ‘டி1’ என்றே இருக்கும். பழைய இருள் புதிய கோப்புக்கு இடம் மாறும், அவ்வளவே.

பழைய கோப்பை அப்படியே வேறு கணிப்பொறிக்கு அனுப்பி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்னும் யோசனையும் ஏற்கத்தக்கதன்று. சுருக்கி அடைக்கப்பட்ட எண்களை எழுத்துகளெனக் கருதி எப்சிடிக் குறியீட்டிலிருந்து மாற்றினால் இலக்கங்களே கெட்டுவிடும். விவர ஏடு உள்ள இயந்திரத்திலேயே மாற்றம் நிகழ்தல் நலம்.

ஆயினும், பெயரிடும் பணி நிரலாளருக்கு மட்டும் உரியதன்று. ஆழ்ந்த சுரங்கத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறுவதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோலார் ஏடுகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று எழுதின. பின்னர் ‘ராக் பர்ஸ்ட்’ என்பது வழக்காயிற்று. இவ்விரண்டையும் வேறுவேறு நிகழ்ச்சிகளாகக் குறிப்பவரால், பாறை வெடிப்பை ஆராய்வோர் கணக்கில் ஒரு தலைமுறையின் விபத்துகள் விடுபட்டுப்போகும். சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர் இதனை நொடியில் கூறுவார். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அவ்வாறு கூறவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே புலப்பெயர்ப் பட்டியலை முதலில் அவர்களிடம் காட்டி, அதன் பின்னரே நிரல் எழுதப்படல் வேண்டும்.

குறிச்சொற்கள் ஆங்கிலத்தில்தான் அமைய வேண்டும் என்னும் விதியும் இல்லை. யூனிகோடில் எழுதப்படும் கோப்பில் ‘ஆழம்’ என்றே பெயரிட்டு, ‘அலகு’ என்பதற்கு நேரே ‘அடி’ என்று குறிக்கலாம். தமிழ் பெரிதும் வழங்கும் தங்க வயலில், பட்டியலுடன் முதிய தொழிலாளர் வீட்டுக்குச் செல்லும் களப்பணியாளருக்கு இது பாதி வேலையைக் குறைக்கும்.