குறியீட்டெண்ணும் ஹஜ்ஜுப் பணமும்

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகையில், பள்ளிவாசல் வாயிலில் மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்தினார். "ஹஜரத், என் மகன் கைப்பேசியிலேயே வியாபாரம் செய்கிறான். அதில் கிடைத்ததென்று ஐம்பதாயிரம் ரூபாய் தந்தான். ஹஜ்ஜுக்குச் சேர்க்கும் பணத்தோடு அதை வைத்துக்கொள்ளலாமா?" என்று வினவினார். என்ன வியாபாரம் என்பதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. மகனை வரவழைத்து விசாரித்த பின்னரே அது பங்குச் சந்தையின் 'ஆப்ஷன்' என்பது விளங்கிற்று.

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அதன் சொத்திலும் லாப நட்டத்திலும் கூட்டாளியாகிறார். தொழில் ஹலாலானதாயின் அக்கூட்டைக் குறைகூறுவதற்கில்லை. இவ்விளைஞர் வாங்கியதோ பங்கன்று. நிஃப்டி என்னும் குறியீட்டெண், கெடு நாளன்று இன்ன அளவைத் தாண்டியிருக்கும் என்ற கணிப்பின்மீது ஒரு தொகையைச் செலுத்தியிருக்கிறார். தாண்டினால் வித்தியாசம் அவருக்கு. தாண்டாவிடில் செலுத்தியது முழுவதும் எதிர்த் தரப்பினருக்கு. குறியீட்டெண் வெறும் எண்; அதை எவரும் கொடுக்கவும் முடியாது, பெறவும் முடியாது. 'ஃபியூச்சர்ஸ்' என்பதில் ஆபத்து இன்னும் மிகுதி. மதிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் கட்டிவிட்டு, முழு மதிப்பின் ஏற்ற இறக்கத்தையும் தலையில் சுமப்பதால், கட்டியதற்கு மேலும் கடனாளியாக நேரிடலாம்.

"வியாபாரத்திலும் நட்டம் உண்டே, ஹஜரத்" என்றார் அவர். உண்மைதான். ஆனால் அரிசி வியாபாரி நட்டப்பட்டாலும் வாங்கியவர் வீட்டில் உலை கொதிக்கிறது. இங்கோ ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததேயன்றி வேறில்லை. இதனையன்றோ திருமறை 'மைஸிர்' எனப் பெயரிட்டு மதுவோடு சேர்த்து விலக்கிற்று (5:90)! தம்மிடம் இல்லாததை விற்கலாகாதென ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர் தரப்படும் விளைச்சலுக்கு 'ஸலம்' என்னும் முன்விற்பனையை மார்க்கம் அனுமதித்தது. ஆயினும் விலையை முன்னரே செலுத்திவிட வேண்டும், அளவும் தவணையும் ஐயமற இருக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஆப்ஷன் ஒப்பந்தம் கூடாதென்றும், குறியீட்டெண்ணை வாங்குவதும் விற்பதும் கலப்பற்ற சூதென்றும் தீர்மானித்தது. பிரிட்டனில் இதையொத்த ஒன்றுக்கு 'ஸ்ப்ரெட் பெட்டிங்', அதாவது பந்தயம், என்றே பெயர். பெயரிட்டவர்களேனும் உண்மை பேசினார்கள்!

செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் நட்டமடைந்தனர். இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். அந்த ஐம்பதாயிரம் ஒரே வாரத்து வரவு. அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் போனது ஒன்றேகால் லட்சம். தாயாரிடம் அதை அவர் சொல்லியிருக்கவில்லை. "இழந்ததில் கொஞ்சம்தானே திரும்பப் பெற்றேன்?" என்றார். அவரிடமிருந்து பெற்றவர்கள் வேறு, அவரிடம் இழந்தவர்கள் வேறு. ஒருவர் எடுத்ததற்கு இன்னொருவரிடம் ஈடு கேட்பது எங்ஙனம்? உரியவரை அறிய வழியில்லாததால், நன்மையை நாடாது அத்தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு கூறினேன்.

மறுநாளே அத்தாயார் பணத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய ஹஜ்ஜுப் பயணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.