வாட் கணக்கும் எடைக் கணக்கும்

அரிசி மண்டி நிலவரம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், உணவு லைசென்ஸ் புதுப்பிப்பு இவற்றுக்கு நடுவே கிடார் ஆம்ப்ளிபயரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சங்க உறுப்பினர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். நம்மில் பலருக்குக் கடைக்கு மேலேயோ பின்னாலேயோதான் வீடு. அந்த வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால், "அப்பா, ஒரு ஆம்ப் வேணும்" என்ற கோரிக்கை என்றைக்காவது கல்லாவுக்கு வந்தே தீரும். அன்றைக்கு நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மளிகைக் கடை தாமலில் இருக்கிறது. மாடியில் வீடு. என் மகன் காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போய் வந்த நாளிலேயே கிடாரும் கற்றுக்கொண்டான். முதலில் சாதாரணப் பெட்டி கிடார். பிறகு கைமாற்றாக ஒரு எலெக்ட்ரிக் கிடார் வந்தது. அதற்கு ஆம்ப் வேண்டும் என்றான். நானும் சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம்.

நமக்குத் தெரிந்த கணக்கு என்ன? சில்லறையாக வாங்கினால் விலை கூடுதல், மூட்டையாக வாங்கினால் மலிவு. பத்து வாட் ஒரு விலை, நூறு வாட் அதற்கு மூன்று மடங்கு விலைகூட இல்லை. அப்படியானால் நூறு வாட்தானே லாபம்? கடைக்காரரும், "சார், நாளைக்குத் தம்பி மேடை ஏறினால் இன்னொன்று வாங்க வேண்டாமே" என்றார். "இருக்கிறதோடு இன்னும் அரைக் கிலோ சேர்த்துக் கட்டட்டுமா" என்று நான் ஆயிரம் தடவை சொன்ன அதே பேச்சு! எனக்கே அது விளங்கவில்லை. பையன் மட்டும், "அப்பா, சின்னது போதும்ப்பா" என்று இரண்டு முறை சொன்னான். அவனுக்கு வியாபாரம் தெரியாது என்று நினைத்தேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்யூம் குமிழை ஒரு நெல் அளவு திருப்பினால் சத்தமே இல்லை, இரண்டு நெல் அளவு திருப்பினால் கீழே கடையில் பிஸ்கட் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணே, பாப்பாவுக்குப் பப்ளிக் பரீட்சை, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். வாடிக்கைக்காரர் ஒருவர், மாடியில் கிரைண்டர் ரிப்பேரா என்று கேட்டார். நான் பையனை நாலு பேர் எதிரில் சத்தம் போட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. கிடாரை ஆணியில் மாட்டினான். நாலு மாதம் தொடவில்லை. என்னோடும் தேவைக்கு மேல் பேசவில்லை.

கடைசியில் என் மனைவிதான் கேட்டாள்: "கடையிலே போகாத சரக்கை ரிட்டர்ன் போடறீங்க. வீட்டிலே போகாத சரக்கை மட்டும் ஏன் வெச்சிக்கிட்டிருக்கீங்க?"

அதற்கப்புறம்தான் விசாரித்தேன். மைக் செட் வைத்திருப்பவர்களிடம் கேட்டேன், பையனின் மாஸ்டரிடம் கேட்டேன், சொந்தமாகவும் படித்தேன். முதலாவதாகத் தெரிந்துகொண்டது, வாட் என்பது அரிசி மாதிரி இல்லை. பத்துக் கிலோ அரிசியைவிட இருபது கிலோ அரிசி இரண்டு மடங்கு. ஆனால் பத்து வாட்டைவிட இருபது வாட் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்பதில்லை, மூன்று டெசிபல்தான் கூடுகிறது. கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகப் பட வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக, நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அத்தனையும் பத்து வாட் பெட்டியைப் போல இரண்டு பங்கு சத்தத்துக்குப் போயிற்று. அந்தச் சத்தத்தையோ வீட்டில் ஒரு நாள்கூட வைக்க முடியவில்லை.

இங்கே நம் தொழிலை ஒட்டி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் தராசையும் எடைக்கல்லையும் முத்திரை ஆய்வாளர் பார்க்கிறார். 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் நூறு கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டில்கூட நிகர எடை இவ்வளவு என்று அச்சிடச் சொல்கின்றன. நல்லது, வேண்டியதுதான். ஆனால் ஒலிப்பெட்டி விற்பவர் அட்டையில் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்" என்று போட்டால்? அது ஒரு கண நேரம் எட்டக்கூடிய உச்சம் என்று கம்பெனியே சொல்லிக்கொள்ளும் கணக்கு. அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரும் சக்தி, அதாவது ஆர்.எம்.எஸ். வாட், அதில் மிகச் சிறு பங்காக இருக்கும். பெயர் பெற்ற கிடார் கம்பெனிகள் பெரும்பாலும் ஒழுங்கான வாட்டையே போடுகின்றன. மலிவுப் பாட்டுப் பெட்டிகளிலும், கிடாருக்கும் ஆகும் என்று தள்ளிவிடும் பெட்டிகளிலும்தான் இந்த விளையாட்டு. பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மின்சாரம் எத்தனை வாட் இழுக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள். முப்பது வாட் இழுக்கும் பெட்டி ஆயிரம் வாட்டை எங்கிருந்து தொடர்ந்து தரும்? நாம் இப்படி ஒரு படியை வைத்து அளந்தால் கடைக்குச் சீல் வைப்பார்கள். வாட்டும் எடைதான், அதற்கும் முத்திரை வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் சங்கமே இதை ஒரு தீர்மானமாகப் போடலாம். மற்றவர் அளவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நம் அளவு சோதனைக்கு உட்பட்டது.

சரி, என்ன வாங்குவது? பெட்டி கிடார் என்றால் வீட்டில் ஆம்பே வேண்டாம். அதன் மர வயிறே ஒலிபெருக்கி. ஆம்ப் வேண்டியது எலெக்ட்ரிக் கிடாருக்குத்தான். அதன் கம்பி அதிர்வதைக் காந்தச் சுருள் வாங்கி மிகச் சிறிய மின்சாரமாகத் தருகிறது. அதை டி.வி. பாக்ஸிலோ பாட்டு கேட்கும் செட்டிலோ சொருகினால் ஒலி மெலிந்து, உயிரில்லாமல் வரும். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கிடார் ஸ்பீக்கர்கள் மேலே ஐயாயிரம் ஹெர்ட்ஸ் அளவிலேயே அடங்கிவிடும்படி செய்யப்படுகின்றன. அதனால்தான் ஓசையைக் கரகரப்பாக்கி வாசிக்கும்போதும் காதைக் குத்துவதில்லை. பாட்டு கேட்கும் பெட்டியில் அதே கரகரப்பு தகரத்தைச் சுரண்டுவது போல இருக்கும். கோயில் திருவிழாவுக்கு வரும் மைக் செட் ஆம்ப்ளிபயர் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஆனது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையும் மாடிக்கு ஏற்ற வேண்டாம்.

வீட்டுக்கு ஐந்து முதல் பத்து வாட், ஆறிலிருந்து எட்டு அங்குல ஸ்பீக்கர். இது தாராளம். இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் என்ற ஆம்ப் ஏறக்குறைய ஐந்து வாட்தான், எட்டு அங்குல ஸ்பீக்கர்தான். 1970-ல் எரிக் கிளாப்டன் 'லேலா' பாட்டைப் பதிவு செய்தபோது அதைத்தான் வைத்திருந்தார் என்பார்கள்.

அந்த ஃபெண்டர் யார் தெரியுமா? லியோ ஃபெண்டர் என்ற கணக்கு எழுதிய மனிதர். வேலை போனதும் 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கிடார் வாசிக்கத் தெரியாதவர். கடைக்கு வந்த வாத்தியக்காரர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டே ஆம்ப்பும் கிடாரும் செய்தார். மார்ஷலும் அப்படியே. ஜிம் மார்ஷல் டிரம் மாஸ்டர். 1960-ல் லண்டனில் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை திறந்தார். அங்கே வந்து போன கிடார்காரர்கள் தங்களுக்கு வேண்டிய ஆம்ப் கிடைக்கவில்லை என்று சொல்ல, 1962-ல் கடையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டுமே நம்மைப் போன்ற சின்னக் கடைகளின் கல்லாவிலிருந்து எழுந்தவை. எனக்குப் பெட்டி விற்றவர் இதில் பாதியைக் கேட்டிருந்தாலே போதும். "வீடா, மேடையா?" என்ற ஒரு கேள்வி.

ஹெட்போன் சொருகும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். பரீட்சைக் காலத்திலும் இரவு பத்து மணிக்கு மேலும் இதுதான் குடும்ப மானத்தைக் காப்பாற்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. வியாபாரப் பகுதிக்கு 65, 55. கூடவே செல்போனில் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்க ஒரு துளை இருந்தால் பயிற்சிக்கு நல்லது. வால்வு வைத்த ஆம்ப் உயர்ந்தது என்று சிலர் ஆசை காட்டுவார்கள். விலையும் கனமும் அதிகம், வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும், நம் ஊர் மின்சார ஏற்ற இறக்கத்துக்கு அது ஒத்துவராது. கரண்ட் போனாலும் வாசிக்க வேண்டுமானால் ரோலண்டு மைக்ரோ கியூப் போன்ற பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டிகள் உண்டு. இரண்டு மூன்று வாட்தான், மாடி அறைக்கு அதுவே மிச்சம்.

இனி சொல்வதை மட்டும் தயவு செய்து இரண்டு தடவை படியுங்கள். கிடாரின் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்பின் உடம்போடும், அங்கிருந்து எர்த்தோடும் சேர்ந்தவை. வாசிப்பவன் இரண்டு கையாலும் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிறான். பிளக் பாயிண்டில் எர்த் செத்திருந்தால், அல்லது இரண்டு பின் பாயிண்டுக்காக எர்த் பின்னை உடைத்துவிட்டால், ஏற்படும் கசிவு நேராக அவன் கைக்கு வரும். 1972-ல் ஸ்டோன் த க்ரோஸ் என்ற குழுவின் கிடார்காரர் லெஸ்லி ஹார்வி, ஸ்வான்சியில் மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். நம் பழைய கட்டடங்களில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடமாயிற்று என்று யாருக்குத் தெரியும்? ஆம்ப் வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி கடை ஃபிரீசருக்கும் சேர்த்து உதவும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் கொண்டு வந்த ஆம்ப் என்றால் அது 120 வோல்ட்டுக்கானதா என்று பார்க்காமல் நம் 230-ல் சொருகாதீர்கள். புகைதான் வரும்.

ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைந்தால் உடனே பழுது என்று எண்ணவும் வேண்டாம். பழைய டியூப்லைட் சோக், ஃபிரீசர் மோட்டார் இவற்றின் அருகில் கிடாரின் காந்தச் சுருள் அந்த இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எங்கள் ஐஸ்கிரீம் ஃபிரீசர் ஓடும் சுவருக்கு நேர் மேலே பையன் உட்கார்ந்திருந்தான். இடம் மாறியதும் பாதி இரைச்சல் போயிற்று.

எங்கே வாங்குவது? ஆன்லைனில் சில சமயம் விலை குறைவுதான், அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் பெட்டியின் ஓசையைப் படம் பார்த்து அறிய முடியாது. உங்கள் பையனின் சொந்தக் கிடாரை எடுத்துப்போங்கள், கடையில் சொருகி, வீட்டில் எவ்வளவு சத்தம் வைப்பானோ அந்த அளவில் வாசிக்கச் சொல்லுங்கள். விற்பவர் சத்தத்தைக் கூட்டிக் காட்டினால் குறைக்கச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள், உத்தரவாதம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். முக்கியமாக, பையன் சொல்வதைக் கேளுங்கள்.

கிடார் கையில் வந்தால் பிள்ளைகள் கடையை மறந்துவிடுவார்கள் என்று நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு பயம். எனக்கும் இருந்தது. நூறு வாட்டைப் பற்றி நான் போட்ட சத்தத்தில் பாதி அந்தப் பயம்தான் என்று இப்போது தெரிகிறது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியலும் படித்தார், கிடாரில் கர்நாடக சங்கீதமும் வாசித்து உலகம் சுற்றுகிறார். மாண்டலின் சீனிவாஸ் 2014-ல் மறையும் வரை கச்சேரிகளில் வாசித்தது மின்சார மாண்டலின்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவார்கள் என்று சொல்லவில்லை. என் மகன் ஆகவில்லை. இன்று காலையில் கடை திறப்பதும் கொள்முதல் கணக்குப் பார்ப்பதும் அவன்தான். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிய பிறகு எட்டு அங்குலப் பெட்டியில் அரை மணி நேரம் வாசிக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இப்போது கற்றுக்கொடுக்கிறான்.

நூறு வாட் பெட்டியைப் பாதி விலைக்கு ஒரு மைக் செட்காரர் எடுத்துக்கொண்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற நாளில் அது எங்கள் தெரு முனையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பையன்தான் முதலில் அடையாளம் கண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தத் திறந்த வெளிக்கு அது நன்றாகத்தான் இருந்தது.